ஆங்கில வாத்தியாரும் தகரப் பேணியும்

கறோல், நெவின்ஸ், வைமன், ஆர்னல்ட். இப்பெயர்களை மாத்திரம் கேட்கும் ஒருவர், இவர்கள் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ பிறந்தவர்கள் என்றே எண்ணுவார். மறுபாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் சங்கதி விளங்கும். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை. நால்வரும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். நால்வரும் வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலம் படித்தவர்கள். அங்கு சேரும் பிள்ளையின் செலவுக்கென அமெரிக்காவில் பணம் கொடுத்தவர் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டுவது அந்நாளைய மிசனரிமாரின் வழக்கம். சுதுமலையில் பிறந்த பிள்ளை, தான் ஒருபோதும் காணாத ஒருவரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்து திரிந்தது.

இதைக் கேட்டவுடன் நமக்குக் கோபம் வரலாம். வரவேண்டியதுதான். ஆனால் கோபம் தணிந்த பின்னர் இந்த நால்வரும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், கதை வேறு பக்கம் திரும்புகிறது. கறோல் விசுவநாதபிள்ளை 1855இல் வீசகணிதத்தைத் தமிழில் எழுதினார். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை நியாய இலக்கணத்தைத் தமிழில் தந்தார். வைமன் கதிரவேற்பிள்ளை தொகுத்த பேரகராதியே பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை நானூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டிப் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்ற பெயரில் 1886இல் அச்சிட்டார். ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டு ஆங்கிலம் படித்தவர்கள் தமிழுக்கு இவ்வளவு உழைத்தது எப்படி?

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பிக்கும் தொழிலில் முப்பது வருடங்களுக்கு மேல் காலந்தள்ளியவன் நான். இந்தக் கேள்வி என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்தது. நேயர்களே, எனக்குக் கிடைத்த விடை இதுதான்: அந்தச் செமினறியில் ஆங்கிலம் படிப்பித்தவர்கள் தமிழை வகுப்பு வாசலில் நிறுத்தி வைக்கவில்லை. நம் நாட்டு ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை எழுதுவோர், எத்தனை பாடசாலை, எத்தனை ஆசிரியர், எத்தனை பேர் சித்தி என்று கணக்கெடுக்கிறார்கள். தமிழ் உள்ளே வந்ததா, வெளியே நின்றதா என்பதையும் அக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

அமெரிக்க மிசனைச் சேர்ந்தவர்கள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பறங்கியர் காலத்துப் பழைய தேவாலயக் கட்டடங்கள் சிதைந்து கிடந்தன. அவற்றைத் திருத்திக்கொண்டு குடியேறினர். டானியல் பூவர் என்ற பாதிரியார் முதலில் தெல்லிப்பழையில் பள்ளிக்கூடம் நடத்தினார். 1823இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கினார். கல்லூரி என்ற பெயருடன் தொடங்கவே அவர்களுக்கு விருப்பம். அமெரிக்கர் தங்கள் குடியேற்ற நாட்டில் கல்லூரி அமைப்பதை ஆங்கில ஆட்சியாளர் விரும்பவில்லை. ஆகவே மத்திய பாடசாலை என்று ஆரம்பித்து, பின்னர் செமினறி என்று பெயர் மாற்றினர்.

அங்கு ஆங்கிலத்துடன் கணிதம், வானசாஸ்திரம், தர்க்கம் ஆகியன கற்பிக்கப்பட்டன. வேதாகமம் கட்டாயம். அவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியமும் சமஸ்கிருதமும் இடம்பெற்றன. பூவருக்குப் பின்னர் அதிபராக இருந்த ஹொய்சிங்டன் பாதிரியார் சைவ சித்தாந்த நூல்களை ஆராய்ந்தவர். நம்மவரின் சோதிட சாஸ்திரம் பற்றி நூல் எழுதியவர். தாம் மாற்ற வந்த சமயத்தின் நூல்களை அவர் எதிர்வாதம் செய்யும் பொருட்டே படித்தார் என்று சொல்லலாம்; அது உண்மையும்கூட. இருந்தாலும் படித்தார். மாணவனின் வீட்டில் என்ன பேசப்படுகிறது, அவன் தகப்பன் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு வகுப்புக்கு வருகிற வாத்தியார், தெரியாமல் வருகிற வாத்தியாரைவிட மேல். மிசன் 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ பத்திரிகைகூடத் தமிழும் ஆங்கிலமும் கலந்தே வெளிவந்தது. இலங்கைத் தேசாதிபதியின் காரியதரிசியாக இருந்த எமர்சன் டெனன்ட், இந்தச் செமினறியின் கல்வித்தரம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குச் சமமாக வைக்கத்தக்கது என்று 1850இல் எழுதினார். துரைமார் இலேசில் இப்படி எழுதுவதில்லை.

இதே காலத்தில் யாழ்ப்பாணப் பட்டினத்தில் வெஸ்லியன் மிசன் பாடசாலையில் இன்னொரு ஆங்கில வாத்தியார் இருந்தார். வயது பத்தொன்பது. கீழ்வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார். பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகமத்தைத் தமிழாக்குவதில் துணையாக இருந்தார். அவர்தான் நல்லூர் ஆறுமுகம், பின்னாளில் நாவலர்.

நாவலரை ஆங்கில ஆசிரியர் என்று எவரும் நினைப்பதில்லை. அவரது வாழ்க்கை வரலாற்றில் அது ஒரு வரியோடு போய்விடும். நான் அந்த ஒரு வரியில் நின்றுவிடுகிறவன். 1848இல் மிசன் வேலையை விட்டு விலகி, வண்ணார்பண்ணையில் சைவப் பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பிள்ளைகளுக்கென எழுதியவை ‘பாலபாடம்’ என்ற வரிசைப் புத்தகங்கள். முதற் புத்தகத்தில் சிறு சொல், சிறு வசனம், அடுத்ததில் கொஞ்சம் நீளம், அதற்கடுத்ததில் கட்டுரை. நிகண்டையும் நீதிநூலையும் மனனம் செய்வித்து வந்த திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இப்படியொரு படிவரிசை இருந்ததில்லை. வசனத்தில் நிறுத்தக் குறிகளையும் ஒழுங்காகப் பயன்படுத்தினார். கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்னிய மொழியைப் படிப்பித்த அனுபவமே இந்தப் படிவரிசையை அவருக்குக் காட்டிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பண்டிதர்கள் மறுக்கலாம். ஆனால் எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைக்கு முன்னால் நின்ற எவருக்கும், எது இலேசு எது கடினம் என்பது தன் தாய்மொழியிலும் புதிதாகத் தெரிய ஆரம்பிக்கும். இது நாங்கள் அன்றாடம் கண்ட அனுபவம். நாவலர் 1872இல் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றையும் தொடங்கினார். பணமில்லாமல் அது சில வருடங்களில் நின்றுபோயிற்று. சைவப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அதற்காகச் சைவத்தை விற்க வேண்டாம் என்றே சொன்னார்.

வட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம். 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் பூவர் வாந்திபேதி கண்டு இறந்தார். அதே வருடம் அவர் தொடங்கிய செமினறியும் மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து தலைமைச் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. அவர் சொன்ன காரணம் இன்றைக்கும் சிந்திக்க வைக்கும். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் கிராமத்துக்குத் திரும்பி ஊழியம் செய்வதில்லை. அரசாங்க உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள். தங்கள் சனத்திடமிருந்து அந்நியப்பட்டுப் போகிறார்கள். ஆகவே இனித் தாய்மொழியில் படிப்பித்தால் போதும் என்பது.

தாய்மொழிக் கல்வி வேண்டும் என்று ஒரு வெள்ளைக்காரர் சொல்கிறார். வேண்டாம், எங்களுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று யாழ்ப்பாணத்தார் சொல்கிறார்கள். வரலாறு சிலவேளைகளில் இப்படிக் குறும்பு செய்யும். அண்டர்சனின் கவலை தமிழைப் பற்றியதல்ல. அவருக்குத் தேவைப்பட்டவர்கள் கிராமத்துப் போதகர்கள். ஆங்கிலம் நன்றாகப் படிப்பிக்கப்பட்டதே செமினறியின் குற்றமாயிற்று. கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபார்சுகள் 1833இல் நடைமுறைக்கு வந்த பின்னர் ஆங்கிலம் தெரிந்த சுதேசிகளுக்கு அரசாங்கக் கதவு கொஞ்சம் திறந்தது. பிள்ளைகள் அந்தக் கதவால் போனார்கள். வேறெங்கே போவார்கள்?

செமினறி மூடிய சூட்டோடு நடந்த இன்னொன்றும் உண்டு. 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பீ.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இருவர். ஒருவர் செமினறியில் ஆசிரியராக இருந்த கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் அங்கு படித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றியதை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாடபேதங்களை ஒப்புநோக்கிச் சுத்தப் பதிப்புக் காணும் முறையை அவர் எங்கே பழகினார் என்று கேட்டால், வட்டுக்கோட்டைப் பக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஊரவர் கேட்டுக்கேட்டு, பணமும் சேர்த்து, 1872இல் அதே வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. 1890இல் இந்துக் கல்லூரி. அதன் பின்னர் ஆங்கிலப் பாடசாலைகள் பெருகின. பெருகப் பெருக, ஆங்கிலப் படிப்பின் நோக்கம் சுருங்கியது. ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்கவேணும்’ என்ற நம் ஊர்ப் பழமொழி பிறந்த காலம் இதுதான். கொழும்பில் கிளாக்கர், மலாயாவில் றெயில்வே உத்தியோகம், திரும்பி வந்தால் ‘மலாயன் பென்சனியர்’ என்ற மரியாதை, கல்வீடு, மகளுக்குச் சீதனம். இதற்கெல்லாம் முதல் போட்டவர் ஆங்கில வாத்தியார். அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது பிழையில்லாமல் கடிதம் எழுதும் கையும் கேம்பிறிட்ஜ் பரீட்சைச் சித்தியும் மாத்திரமே. வீசகணிதத்தைத் தமிழில் எழுதுமாறு எவரும் கேட்கவில்லை. ஊரில் இரண்டு விதமான பள்ளிக்கூடங்கள் இருந்தன. சம்பளம் கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பாடசாலை ஒன்று, சம்பளமில்லாத தமிழ்ப் பாடசாலை மற்றது. ஒரே ஒழுங்கையில் குடியிருந்த இரண்டு வாத்திமாரில் ஒருவருக்குக் கால்சட்டையும் தொப்பியும், மற்றவருக்கு வேட்டியும் குடையும். கால்சட்டைக்காரரின் சம்பளம் கூட என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சுவரை உடைக்க வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்கள் சுவருக்கு உட்பக்கம் இருந்தவர்களே. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தொடங்கி, வாலிபர் காங்கிரசாக வளர்ந்து, 1927இல் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தவர்கள் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்தவர்களும் படிப்பித்தவர்களும். அவர்களில் முதன்மையானவரான ஹன்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரி ஆசிரியர். தாய்மொழியே கல்விமொழியாக வேண்டும் என்று அவர்கள் ஆங்கிலத்தில் வாதாடினார்கள்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்டர்சனின் வாதத்துக்கும் இவர்களின் வாதத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அவர் பிள்ளைகளைக் கிராமத்தில் நிறுத்திவைக்கத் தமிழைக் கேட்டார். இவர்கள் எல்லாப் பிள்ளைகளும் மேலே வரத் தமிழைக் கேட்டார்கள்.

1945இல் கன்னங்கரவின் இலவசக் கல்வி வந்தது. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழி கல்விமொழி ஆயிற்று. பின்னர் படிப்படியாக மேல்வகுப்புகளும் பல்கலைக்கழகமும் மாறின. ஆங்கிலம் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் ஒரு பாடமாயிற்று. ‘இரண்டாம் மொழி’ என்ற பெயரும் வந்து சேர்ந்தது. கொள்கை அருமையானது. படிப்பிப்பதற்கு ஆட்கள் எங்கே? பட்டினத்துப் பெரிய கல்லூரியில் ஆங்கில ஆசிரியர் நாலு பேர் இருக்க, தீவுப்பகுதியிலும் வன்னியிலும் மலையகத் தோட்டப் பாடசாலைகளிலும் ஒருவரும் இல்லை. நேர அட்டவணையில் மாத்திரம் ஆங்கிலம் இருந்தது. முன்பு கட்டணம் கட்டிய சுவர், இப்போது ஆசிரியர் பற்றாக்குறையால் கட்டப்பட்டது. பேராதனை வளாகத்துச் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’ என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று அர்த்தம். அந்தச் சொல்லின் ஆழத்தை 1984இல் ஆராய்ந்து எழுதியவர் திரு கந்தையா என்ற தமிழ்ப் பேராசிரியர். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. வாளை இணைப்பு என்று எழுதினால் வெட்டாமல் விடுமா?

இந்த இடத்தில் ஒரு வெளியூர்க்காரரையும் நினைக்க வேண்டியிருக்கிறது. மைக்கல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். டாக்காவில் ஆசிரிய பயிற்சிக் கலாசாலை அதிபராக இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு 1926இல் வெளியிட்ட நூலில் அவர் எழுப்பிய கேள்வி எளிமையானது. பெரும்பாலான பிள்ளைகள் படிப்பை இடைநடுவில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுப் போகும் பிள்ளையின் கையில் என்ன மிஞ்சுகிறது? ஆயுள் காப்புறுதிக்காரர்களிடமிருந்து அவர் உவமை எடுத்தார். காப்புறுதியைப் பாதியில் கைவிட்டாலும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறதல்லவா, அதுபோல மூன்று வருட ஆங்கிலத்துக்கும் ஒரு பெறுமதி இருக்க வேண்டும் என்றார். ஆகவே முதலில் வாசிக்கப் பழக்குங்கள் என்றார். 1960இல் ‘கடினமான சூழ்நிலைகளில் ஆங்கிலம் கற்பித்தல்’ என்றொரு சிறு நூலும் எழுதினார். நெருக்கமான வாங்குகள், அடங்காத வகுப்பு, புழுக்கம், அடுத்த வகுப்பின் சத்தம் எல்லாவற்றையும் கண்ணால் கண்ட மனிதர் எழுதிய புத்தகம். இலண்டனில் இருந்துகொண்டு பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புக்கு வழிமுறை எழுதுவோரை விட, நாற்பத்தைந்து பேருக்கு நடுவே நின்ற எனக்கு இவர் நெருக்கமானவர்.

என் வகுப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆகவே பேணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்த பாடசாலையில் ஆங்கிலப் பாட வேளையில் தமிழ் பேசினால் ஐந்து சதம் குற்றம். மேசையில் ஒரு பால்மாப் பேணி இருக்கும். மூடியில் வெட்டிய துவாரத்தால் காசைப் போடவேண்டும். காசில்லாதவன் வாங்கில் ஏறி நிற்கவேண்டும். நான் ஏறி நின்ற நாட்கள் பல. அதனால் நான் கற்றுக்கொண்டது ஆங்கிலமல்ல, வாய் திறவாமல் இருக்கும் வித்தை. இவ்வளவு தெரிந்தும், ஆசிரியராக நியமனம் பெற்றுப் போன இடத்தில் நானும் என் மேசையில் ஒரு பேணியை வைத்தேன். ஏன் என்று கேட்டால் நேரான பதில் இல்லை. எனக்குத் தெரிந்த ஆங்கில வகுப்பில் பேணி இருந்தது, ஆகவே வைத்தேன்.

1991இல் வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் இருந்தேன். மின்சாரம் நின்று போயிருந்தது. பிள்ளைகள் ஜாம்போத்தல் விளக்கில், அரைவாசிக்குக் கீழே மண்ணெண்ணெய் விட்டுப் படித்தார்கள். கொப்பித் தாள் தங்கம். எழுதிய தாளின் ஓரத்திலும், பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்திலும் எழுதுவார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெடியன். கடைசி வாங்கு. பாடம் முடிந்து போகும்போது ஒவ்வொரு நாளும் ‘ஐ கோ அன்ட் கம், சேர்’ என்பான். நம்முடைய ‘போட்டு வாறன்’ தான். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியிருக்கிறான். ஒருநாள் அவனை மறித்து, ‘அப்படிச் சொல்லக்கூடாது. ஐ ஆம் கோயிங் என்று சொல்லு’ என்றேன். அவன் பேசாமல் நின்றான். திரும்பவும் சொன்னேன். அவன் பேணியை ஒருதரம் பார்த்தான். பிறகு தமிழில் சொன்னான்:

‘போறன் எண்டு சொல்லக்கூடாது, சேர். அம்மா ஏசுவா.’

அந்த மாதத்தில் விமானங்கள் வராத நாள் குறைவு. வீட்டிலிருந்து புறப்படும் பிள்ளை ‘போறன்’ என்று சொல்ல எந்தத் தாய் விடுவாள்? இலக்கணப் புத்தகத்தில் இருந்தது என் வசனம். அவனுடைய வசனத்தில் அவன் வீடு இருந்தது. குற்றக் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்குப் பிறகு நான் பேணியின் மூடியைக் கழற்றி, உடைந்த வெண்கட்டித் துண்டுகளைப் போட்டு வைக்க அதைப் பயன்படுத்தினேன்.

நான் தற்செயலாகக் கண்டதை அதே காலத்தில் ஒருவர் ஆராய்ச்சியாகவே செய்துகொண்டிருந்தார் என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1990–91இல் முதலாம் வருட மாணவர்கள் இருபத்திரண்டு பேர் கொண்ட தன் வகுப்பையே கூர்ந்து அவதானித்தார். பாடப்புத்தகம் அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்தது. அதில் வரும் மனிதர்களும் அவர்களின் தொல்லைகளும் யாழ்ப்பாணத்துக்குச் சம்பந்தமில்லாதவை. மாணவர்கள் வகுப்பில் வாய் திறந்து எதிர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் திருப்பிக் கொடுத்த புத்தகங்களைப் பார்த்தபோது, பக்கங்களின் ஓரமெல்லாம் எழுத்தும் சித்திரமும். சினிமா, காதல், அரசியல் எல்லாம் அங்கே இருந்தன. மனம் பதியாத பாடத்தில் தங்கள் உலகத்தைக் கொண்டுவந்து ஓரத்தில் குடியேற்றியிருந்தார்கள். இது பற்றிய கட்டுரை 1993இல் வெளிவந்து, உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் மத்தியில் பேசப்பட்டது.

அவருடைய இன்னொரு கட்டுரைதான் எனக்கு அதிகம் பிடித்தது. யாழ்ப்பாணத்து ஆங்கில ஆசிரியர்களின் வகுப்புகளில் என்ன நடக்கிறது என்று பதிவு செய்து பார்த்திருக்கிறார். ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது எல்லோரும் சொல்லும் கொள்கை. பதிவில் கேட்டதோ வேறு. பிள்ளையைத் தேற்றும்போது தமிழ், அதட்டும்போது தமிழ், கடினமான கருத்தை விளக்கும்போது தமிழ், பகிடி விடும்போதும் தமிழ். ஆசிரியர்கள் இதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டார்கள். கனகராஜா அதைக் குற்றமாக எழுதவில்லை. இரண்டு மொழியோடும் வாழப் பழக்கும் வேலை என்று எழுதினார். வட்டுக்கோட்டையில் 1823இல் பகிரங்கமாக நடந்ததை 1990களில் நாங்கள் ஒளித்துச் செய்துகொண்டிருந்தோம் என்று அதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது. கனகராஜா 1994இல் நாட்டைவிட்டுப் போனார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

போகாமல் இருந்தவர்களில் ஒருவரையும் சொல்ல வேண்டும். அ. ஜே. கனகரட்னா. ஏ.ஜே. என்றால் இந்தப் பக்கத்தின் வாசகர் எல்லோருக்கும் தெரியும். விமர்சகர் என்றும் மொழிபெயர்ப்பாளர் என்றும் ‘சற்றர்டே றிவியூ’ பத்திரிகையில் பணியாற்றியவர் என்றும் தெரியும். அவர் சோறு தின்றது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்த சம்பளத்தில் என்பது பலருக்கு ஞாபகத்துக்கு வராது. பேராசிரியர் பதவியல்ல, ஆங்கிலம் வராத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கும் போதனாசிரியர் வேலை. மாலையில் அவரைத் தேடிப் போகிறவர்களிடம் உலகத்து இலக்கியம் முழுவதையும் தமிழில் பேசுவார். அங்கே கேட்டதைத் தமிழில் எழுதியவர்கள் பலர். ‘மத்து’ என்ற தொகுப்பைத் தவிர அவர் பெயரில் நிற்பவை குறைவு. 2006இல் காலமானார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் வரிசையில் அவரை வைக்க எனக்குத் தயக்கமில்லை. ஆர்னல்ட்டுக்கு அமெரிக்கர் பெயர் கொடுத்தார்கள்; ஏ.ஜே.யை நம்மவர் இரண்டு எழுத்தில் அழைத்தோம்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தை நெருங்க நெருங்க, அடி வைக்க இடமில்லை. ஒருமணித்தியாலத்துக்கு ஒரு கூப்பிடுதூரம். என் சைக்கிளில் அரிசி மூட்டை, ஒரு சூட்கேஸ், கரியரில் கட்டிய புத்தகப் பெட்டி. எனக்குப் பக்கத்தில் இன்னொரு சைக்கிள் உருண்டுகொண்டிருந்தது. கரியரில் ஒரு கிழவி சுருண்டு இருந்தாள். தள்ளிக்கொண்டு வந்தவன் அவன்தான். மீசை வந்திருந்தது. ‘சேர்’ என்றான். பேத்தியார் என்று கிழவியைக் காட்டினான். விடியும்வரை ஒன்றாக நடந்தோம். அவன் ஏ.எல். பரீட்சை எடுத்திருந்தான், பெறுபேறு எங்கே வரும், யாரிடம் கேட்பது என்று விசாரித்தான். எனக்குத் தெரியவில்லை.

பாலத்துக்கு அப்பால் சனம் இரண்டாகப் பிரிந்தது. அவர்களுக்கு மட்டுவிலில் சொந்தக்காரர். நான் கொடிகாமம் போக வேண்டும். அவன் சைக்கிளைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தான்.

‘ஐ கோ அன்ட் கம், சேர்.’

‘கோ அன்ட் கம்’ என்றேன்.